மயில்வாகனத்தின் படகில் ஏறாத பூவம்மா

மயில்வாகனத்தின் படகில் ஏறாதவர்கள் என்று அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. கணக்கப்பிள்ளை ஏறியிருக்கிறார். கோயில் பூசாரி ஏறியிருக்கிறார். ஒரு தடவை, நேர்த்திக்கு விட்ட கிடாய்கூட ஏறி, நடுத்தண்ணீரில் நின்று கத்தியிருக்கிறது. ஏறாத ஒரே ஆள் அவருடைய பெண்டாட்டி பூவம்மா. ஒரு மனிதனின் மானத்தை வாங்க இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்?

மடுல்சீமை மலைக்குக் கீழே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் பள்ளத்தில் ஒரு நீர்த்தேக்கம் கிடக்கிறது. இக்கரையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். அக்கரையில் நாலு கடையும் பஸ் நிற்கும் சந்தியும். பதுளைக்குப் போகிறவன் அந்தச் சந்திக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தண்ணீரைச் சுற்றி மலையோரமாக ஒரு பாதையும் இருக்கிறது; அதில் நடந்தால் முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழும். படகில் போனாலோ ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்புவதற்குள் அக்கரை. அப்படியிருக்க, படகோட்டியின் பெண்டாட்டி மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு மலையோரப் பாதையில் போவாள். கீழே தண்ணீரில் புருசன் ஊர் சனத்தை ஏற்றிக்கொண்டு போவார்.

"என்னண்ணே, அக்காவுக்கும் ஒங்களுக்கும் பேச்சு வார்த்த இல்லையா?" என்று படகில் இருக்கிறவர்கள் கேட்பார்கள்.

"அவளுக்குத் தண்ணின்னா பயம்யா" என்பார் மயில்வாகனம்.

பச்சைப் பொய். பூவம்மா ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். மீன் மாதிரி நீந்துவாள். நீந்தத் தெரியாதது மயில்வாகனத்துக்குத்தான். அது பூவம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நீந்தத் தெரியாத ஆளை நம்பித்தான் ஒரு தோட்டமே அக்கரை போய் வந்துகொண்டிருந்தது.

அந்தப் படகுக்கும் ஒரு கதை உண்டு. அதை வாங்கியது தோட்டத்து மரண உதவிச் சங்கம். அக்கரையில் யாராவது தவறிவிட்டால் இங்கிருந்து சாமானும் சனமும் போவதற்கு வழியில்லாமல் இருந்ததால், சங்கத்தார் கூடிப் பேசி வாங்கினார்கள். "இந்தப் படக வாங்கினது மரண உதவிச் சங்கம். யோசிச்சு ஏறுங்கப்பா" என்று சொல்லாமல் எவனும் அதில் கால் வைக்க மாட்டான். மயில்வாகனம் ஒவ்வொரு தடவையும், அதைப் புதிதாகக் கேட்பவர் போல முறைப்பார்.

படகோட்டியாவதற்கு முன்னால் அவர் ஸ்டோரில் இருந்தார். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே பழைய மெசின்கள் ஆடும் ஆட்டத்தை நிறுத்துவது அவர் வேலை. ஆடுகிற மெசினின் காலடியில் சணல் சாக்கை நாலாக மடித்துச் செருகி, மேலே நட்டை இறுக்கிவிடுவார். ஆட்டம் அடங்கிவிடும். பெரிய மெக்கானிக் பாஸ்மார் எல்லாம் செய்தும் அடங்காத ரோலர் ஒன்று அவர் வைத்த சாக்குக்கு அடங்கியதாக அவரே சொல்லிக்கொள்வார். ஸ்டோரை மூடியபோது மற்றவர்கள் ஆளுக்கொரு திக்கில் வேலை தேடிப் போனார்கள். இவர் ஒரு ஸ்பானரையும் ஒரு கட்டுச் சாக்கையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்குப் பிடித்தது பூவம்மாவுக்குச் சனியன். கட்டில் காலுக்குச் சாக்கு. கதவுக் கீலுக்குச் சாக்கு. தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயின் வாயிலும் சாக்கு. கட்டில் ஒரு நாள் மத்தியானம் மயில்வாகனத்தோடு சேர்ந்து தரைக்கு வந்தது. "இவரு சாக்கு வச்ச எதுலயும் நான் ஒக்கார மாட்டேன்" என்று பூவம்மா அன்றைக்குக் கொழுந்து மலையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் படகில் ஏறாததற்கும் அதுதான் காரணம் என்று தோட்டமே முடிவு கட்டியது. மயில்வாகனமும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தார். நினைத்து நொந்துபோனார்.

ஏனென்றால் படகின் என்ஜினுக்கும் அவர் சாக்குத்தான் வைத்திருந்தார்.

அது எட்டுக் குதிரைவலு என்ஜின். அவருடைய மகள் பிரஷாந்தினியைவிட வயதில் மூத்தது. படகின் பின்பலகையை இரண்டு இரும்புக் கைகளால் கவ்விக்கொண்டு தொங்கும். கவ்விய பிடியை இரண்டு திருகுகள் இறுக்கிப் பிடிக்கும். மொத்தப் பாரமும் உதறலும் அந்த இரண்டு திருகிலும் ஒரு பலகையிலும்தான். ஓடும்போது நடுங்குகிறதே என்று, மயில்வாகனம் இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் சாக்கை மடித்து வைத்து இறுக்கினார். நடுக்கம் நின்றது. "பாத்தீங்களா? வெள்ளக்காரன் செஞ்ச மெசினுக்கும் நம்ம சாக்குதான்யா மருந்து" என்று வாரக்கணக்கில் சொல்லித் திரிந்தார்.

அந்த என்ஜினை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் இப்றாஹீம். தேக்கத்து மீனைப் பதுளைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்; அவரை எல்லோரும் அண்ணன் என்ற முறையில் நானா என்பார்கள். கடற்கரையில் பிறந்து, இந்த மாதிரி என்ஜின்களுக்கு நடுவே வளர்ந்த மனிதர். ஒரு நாள் மீன் பெட்டியை ஏற்ற வந்தவர் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இதென்ன மயிலண்ணே, என்ஜினுக்குக் கோவணம் கட்டி வெச்சிருக்கீங்க?"

"ஆட்டம் நிக்கிறதுக்கு, இப்றாஹீம் நானா. ஸ்டோர் வேல."

"ஸ்டோர்ல தண்ணி இல்லையே அண்ணே. இங்க இந்தச் சாக்கு தண்ணியக் குடிச்சிட்டுப் பலகையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். உள்ளுக்குள்ள பலக உக்கி உளுத்துப் போகும், வெளிய தெரியாது. இதத் தூக்கி வீசிட்டுப் பலகையில ஓட்ட போட்டு, குறுக்கால போல்ட்டு விடுங்க. ஒரு சங்கிலியும் போட்டு என்ஜினக் கட்டி வைங்க. பிடி விட்டாலும் என்ஜின் போகாது."

மயில்வாகனத்துக்குச் சுருக்கென்றது. "நல்ல பலகையில எவனாவது ஓட்ட போடுவானா? சங்கிலி போட்டுக் கட்ட அது என்ன ஆடா மாடா?"

படித்துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இப்றாஹீமும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்த பூவம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்குத் துணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மயில்வாகனம் வீம்புக்காகவே தினமும் காலையில் திருகை இறுக்கினார். இறுக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் உள்ளே போனது. "இன்னைக்கும் அரச் சுத்து ஏறுதுய்யா! ஏற ஏற இறுகுது" என்று படகில் ஏறுகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார். நல்ல மரத்தில் இறுக்கிய திருகு எங்காவது ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? மாதக்கணக்காக ஏறிக்கொண்டே போகிறதே, எங்கே போகிறது? இந்தக் கேள்வி அந்த மனிதருக்கும் வரவில்லை, அதைப் பார்த்துத் தலையாட்டியவர்களுக்கும் வரவில்லை.

பிரதேச செயலகத்தில் இருந்து வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன உயிர்காப்பு அங்கிகள் வேறு இருந்தன. நல்ல செம்மஞ்சள் நிறம். அழுக்காகிவிடும் என்று மயில்வாகனம் அவற்றைப் பொலித்தீன் உறையோடு படகின் முன்மூலையில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார். யாராவது உறையைத் தொட்டாலே, "ஏய், கை வைக்காத! புதுசு!" என்று அதட்டல் வரும்.

இதெல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் பிரஷாந்தினிக்குப் பிள்ளை பிறந்தது. அவள் வாழ்க்கைப்பட்டது அக்கரையில், சந்திக்குப் பக்கத்தில். பிள்ளைக்குப் பேர் வைக்க நாளும் குறித்தாகிவிட்டது. அந்த வாரம் பார்த்து மழை ஊற்றியது. மலையோரப் பாதையில் மண் சரிந்து, பாதை இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

மழை விட்ட காலையில் அந்தச் செய்தி லயத்துக்கு வந்தபோது எல்லோரும் ஐயோ என்றார்கள். மயில்வாகனமும் ஐயோ என்றார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் அது ஐயோவாகத் தெரியவில்லை. பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்க அம்மாயி போகாமல் இருக்க முடியுமா? பாதை இல்லை. படகுதான் இருக்கிறது. இத்தனை வருசமாகப் பட்ட அவமானம் ஒரே காலையில் தீரப்போகிறது. அவள் ஒரு தடவை ஏறி உட்கார்ந்தால் போதும். தன் கைவேலையை அவள் நம்பினாள் என்று ஆகிவிடும். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

"அப்ப நாளைக்கு எங்கூடத்தான வர்ற?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

பூவம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "வேற வழி?" என்றாள்.

மறுநாள் படகைப் பார்க்க வேண்டுமே! கழுவித் துடைத்து, முன்னால் மஞ்சள் குங்குமம் வைத்து, என்ஜினுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார். கல்யாண மாப்பிள்ளை போல அது மாலையோடு தொங்கியது. மயில்வாகனம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றார். பூவம்மா போட்டில் ஏறப்போகிறாள் என்று கேள்விப்பட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள்கூடக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

பூவம்மா பலகாரத் தூக்குவாளியோடு வந்தாள். தோளில் கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு சுருட்டித் தொங்கியது. படகுக்குள் ஏறியவள் உட்காரவில்லை. நேராக முன்மூலைக்குப் போய், இடுப்பில் செருகியிருந்த சின்ன அரிவாளால் பொலித்தீன் உறையைக் கிழித்தாள். இரண்டு அங்கிகளை எடுத்தாள். ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்குடி?"

"போடுங்க."

"சட்ட கசங்கிரும்."

"அப்ப நான் எறங்குறேன்."

போட்டுக்கொண்டார். கரையில் ஒருவன் விசிலடித்தான். அவள் அதோடு விடவில்லை. தலைக்கயிற்றை எடுத்து என்ஜினின் கழுத்தில், மாலைக்குக் கீழே, இரண்டு சுற்றுச் சுற்றினாள். மறுமுனையைப் பின்பலகையில் கட்டவில்லை. படகின் நடுவே உட்காரும் குறுக்குப் பலகையில் கொண்டுவந்து இறுக்கி முடிந்தாள்.

"ஏண்டி, மானத்த வாங்குற? அது என்ன ஆடா?"

"ஆடுன்னே வச்சுக்கங்க."

கரையே சிரித்தது. மயில்வாகனத்தின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் அவள் உட்கார்ந்துவிட்டாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே, முதல் தடவையாக. அதைப் பார்த்ததும் மனிதருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். என்ஜின் இருமிவிட்டுக் கிளம்பியது.

முதலில் மெதுவாகத்தான் போனார். எப்போதும் அவர் போவது அப்படித்தான். தண்ணீர் சலசலக்கும், அவ்வளவுதான். பாதித் தூரம் வந்ததும் திரும்பிக் கரையைப் பார்த்தார். சனம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. யாரோ துண்டை வீசிக் காட்டினார்கள். எதிரே பூவம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அட, ரசிக்கிறாளோ? மயில்வாகனத்துக்குள் இருந்த இளந்தாரி எழுந்து உட்கார்ந்துவிட்டான். இந்த என்ஜினால் என்ன முடியும் என்று காட்டிவிட வேண்டியதுதான் என்று கைப்பிடியை முழுசாக முறுக்கினார்.

படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. "மெதுவா!" என்று பூவம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. அதற்குள் பின்னால் நறநறவென்று ஒரு சத்தம். உக்கிய பலகையின் மேல்விளிம்பு அப்படியே பிய்ந்தது. கவ்வியிருந்த இரும்புக்கைகள் எழும்பிக்கொண்டன. என்ஜின் ஒரு குதி குதித்து, மாலையும் தானுமாகப் பின்பக்கம் தண்ணீருக்குள் சரிந்தது. கைப்பிடியை விடாமல் பிடித்திருந்த மயில்வாகனமும் இடுப்புவரை கூடவே போனார்.

பூவம்மா தூக்குவாளியை வீசிவிட்டுப் பாய்ந்து அவர் அங்கியைப் பின்னாலிருந்து பிடித்தாள். "கைய விடுங்க! என்ஜின விடுங்க!" என்று அலறினாள். விட்டார். இழுத்து உள்ளே போட்டாள். தண்ணீருக்குள் போன என்ஜின் இரண்டு தடவை களகளத்துவிட்டு நின்றது. தலைக்கயிறு விறைத்தது. படகு பின்பக்கமாகத் தாழ்ந்து கொஞ்சம் தண்ணீரும் உள்ளே வந்தது. கயிறு அறுபடவில்லை. நடுப்பலகையும் பிடி விடவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து என்ஜினை மேலே இழுத்துப் போட்டார்கள். சிறகு மாதிரி விரிந்த அதன் விசிறி மயில்வாகனத்தின் கண்ணில் பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அது உள்பக்கமாக விழுந்திருந்தால்? எதிரே உட்கார்ந்திருந்தது இவள். அவர் போய்ப் பின்பலகையைப் பெருவிரலால் அழுத்தினார். தேயிலைச் சாயத்தில் முக்கிய பிஸ்கட்டில் போவதுபோல விரல் உள்ளே போனது. சாக்குத் துண்டு கருத்து, ஊறி, பலகையோடு பலகையாக ஒட்டிக்கிடந்தது. தினமும் அரைச்சுற்று ஏறிய திருகு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேரை இதில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்!

நடுத்தண்ணீரில் படகு சும்மா கிடந்தது. பூவம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, தூக்குவாளி கவிழ்ந்து சிதறிய பணியாரங்களைப் பொறுக்கினாள். திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் துடுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கொஞ்ச தூரம் துடுப்பு வலித்தபின் அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. "நீ இத்தன வருசமா ஏறாதது சரிதான் புள்ள" என்றார். "எங் கைவேலைய நீ நம்பல. சரியாத்தான் இருந்திருக்க."

"யாரு சொன்னா கைவேலைய நம்பலன்னு?"

"நீதான மலையில ஊருக்கே சொன்ன, சாக்கு வச்ச எதுலயும் ஒக்கார மாட்டேன்னு."

"அது கட்டிலுக்குச் சொன்னது." பூவம்மா ஈரப் பணியாரம் ஒன்றைத் துடைத்துத் தூக்குவாளிக்குள் போட்டாள். "கல்யாணமான புதுசுல என்னைய ஏத்திக்கிட்டு சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு எறக்கத்துல வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ரோட்டோரக் கானுக்குள்ள போய் விழுந்தமே. நீங்க தனியாப் போகையில ஒழுங்காத்தான் போவீங்க. நான் பக்கத்துல இருந்தா ஒங்களுக்குக் கண்ணு தெரியாது. இது தண்ணி. ஒங்களுக்கு நீந்தவும் தெரியாது."

மயில்வாகனம் துடுப்பை நிறுத்தினார்.

"நான் ஏறாத வரைக்கும் நீங்க மெதுவாப் போவீங்க. மேல நடந்து போறப்ப ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு பாப்பேன். நத்த மாதிரிப் போய்க்கிட்டு இருப்பீங்க. சரி, அக்கரைக்குப் போயிருவாருன்னு அப்புறம் நடப்பேன்."

மழையிலும் வெயிலிலும் அந்தப் பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு போகிற உருவத்தைப் படகிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பார். பார்த்து, திமிர் பிடித்தவள் என்று எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பார். அங்கியின் விளிம்பால் முகத்தைத் துடைத்தார். அது புதுசு, துடைக்க வராது. பூவம்மா முந்தானையை நீட்டினாள்.

"வலிங்க. புள்ளைக்குப் பேர் வைக்க வேணாமா?" என்றாள்.

பேர் வைத்தார்கள். என்ஜினைப் பிரித்துக் காயவைத்தது இப்றாஹீம். சாக்கையெல்லாம் மயில்வாகனமே அடுப்பில் போட்டார். சங்கத்தார் புதுப் பலகை போட்டு, குறுக்கால போல்ட்டு விட்டு, சங்கிலியும் மாட்டிக் கொடுத்தார்கள். பிடியைத் தினமும் ஆட்டிப் பார்க்காமல் அவர் இப்போது கயிற்றை இழுப்பதில்லை. அங்கி போடாதவனை ஏற்றுவதுமில்லை. இதற்கெல்லாம் தோட்டத்துச் சனம் தலையாட்டிவிட்டது. பாதையும் திருத்தியாகிவிட்டது, பூவம்மாவோ வேண்டிய நாட்களில் படகில்தான் போகிறாள். வேகம் ஒன்றைத்தான் சனத்தால் பொறுக்க முடியவில்லை. முன்னே நத்தை என்றால் இப்போது அதைவிட மோசம். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் படகுக்குள் நின்றுகொண்டு தவிப்பான்.

"என்னண்ணே இது, எறங்கி நடந்தாக்கூட முந்திப் போயிருவோம் போல! கொஞ்சம் முறுக்குங்களேன்."

"பொண்டாட்டி ஏறியிருக்காய்யா. முறுக்கக் கூடாது" என்கிறார் மயில்வாகனம்.

அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் இதையேதான் சொல்கிறார்.